பிரேக் மேல் போட்ட பழி

லாண்டரியில் அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு அப்பா. முன்நெற்றியில் முடி பின்வாங்கி வருஷக்கணக்காகிறது. இருந்தாலும் மாப்பிள்ளைதான். காரணம் அவருடைய சட்டை. தினமும் காலையில் இஸ்திரி மேஜைக்குப் போய், தன் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்து, சூடு ஆறுவதற்குள் போட்டுக்கொண்டு, கையை முழங்கை வரை ஒரே அளவாகச் சுருட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். அழுக்குத் துணி அள்ளப் போகிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

லாட்ஜுகள், சின்ன ஆஸ்பத்திரிகள், ஒரு முடிதிருத்தும் நிலையம் என்று சுற்றிவந்து அழுக்கு மூட்டைகளை ஏற்றி, வெளுத்த கட்டுகளை இறக்குவது அவர் வேலை. வண்டியின் பின்பக்கம் நடுவே ஒரு பலகைத் தடுப்பு இருக்கும். ஒரு பக்கம் வெளுத்தது, மறுபக்கம் அழுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தன் வண்டியில் ஒருநாளும் தொட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். ஆஸ்பத்திரிச் சந்துக்குள் அந்த வண்டியை அவர் பின்னால் எடுக்கும்போது, இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடம்தான் இருக்கும். காவலாளி வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

அவர் மனைவியும் அதே லாண்டரியில், மடிப்புப் பிரிவில் இருந்தாள். விரிப்பின் இரண்டு முனையை இவள் பிடிக்க, இன்னொருத்தி எதிர்முனையைப் பிடிக்க, இருவரும் நடந்து வந்து நடுவில் சந்தித்துப் பிரிவார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் மெக்கானிக் ஷெட். லாண்டரி வண்டிகளுக்கெல்லாம் அந்த மெக்கானிக்தான் வைத்தியர். அவரும் மாப்பிள்ளையும் ‘வாடா, போடா’ சினேகம். மதியச் சாப்பாடு ஷெட்டில் ஒரு பழைய டயர்மேல் பலகை போட்டு இருவருமாகத்தான் நடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருந்தார் மாப்பிள்ளை. சமையலறையில் இருந்த மனைவிக்கு ‘டக் டக்’ என்று விடாமல் ஒரு சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சத்தம் அவருடைய குதிகாலிலிருந்து வந்தது. அது மேஜைக் காலில் மோதிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. கண் திறந்திருந்தது. அதில் அவர் இல்லை.

அடங்கி, ஆழ்ந்து தூங்கி, எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா அழுவுற? யாருக்கு என்ன ஆச்சு?” என்பதுதான். கேட்கும்போதே நாக்கு வலித்தது. கடித்திருந்தார்.

மறுவாரம் நரம்பு மருத்துவரிடம் போனார்கள். தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். வலிப்பு நோய்தான் என்றார் மருத்துவர். மாத்திரையை வேளை தவறாமல் போடவேண்டும், தூக்கம் கெடக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் கேட்டார்.

“என்ன வேலை பார்க்கிறீங்க?”

“லாண்டரியிலங்க.”

“அங்க என்ன வேலை?”

“துணி வேலைதாங்க.”

“அப்ப இஸ்திரி மெஷின், கொதிதண்ணி பக்கம் நிக்காதீங்க. உயரத்துல ஏறாதீங்க. வண்டி ஓட்டுவீங்களா?”

“இல்லைங்க.”

“பைக்?”

“சைக்கிள்கூடக் கிடையாதுங்க.”

மனைவி தன் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அன்று தான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பின்னாளில் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். வேற்றாள் முன்னால் புருஷனைப் பொய்யனாக்க நாக்கு எழவில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

“நல்லதாப் போச்சு” என்றார் மருத்துவர். “ஓட்டுறவரா இருந்தா இன்னையோட நிறுத்துங்கன்னு சொல்லியிருப்பேன். குறைஞ்சது ஒரு வருஷமாவது ஒரு தடவைகூட வராம இருந்தாத்தான் அதைப் பத்திப் பேசவே முடியும்.”

படியிறங்கும்போது மனைவி கேட்டாள். “ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

“மாத்திரைதான் குடுத்துட்டாரே. சரியாயிடும். அதுவும் தூக்கத்துல வந்தது. வண்டியில நான் தூங்கவா போறேன்?”

ஆஸ்பத்திரி வாசலில் லாண்டரி வண்டி நின்றது. அதில்தான் வந்திருந்தார்கள். அதில்தான் திரும்பிப் போனார்கள்.

அவர் மறைத்ததற்குக் காரணம் பிழைப்பு மட்டும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் மடிப்புப் பிரிவில் ஒரு பெண் வேலை நேரத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். மாப்பிள்ளைதான் வண்டியில் ஏற்றி அவள் வீட்டில் விட்டுவந்தார். தங்கமான மனுஷன் என்றார்கள். திரும்பி வந்ததும், அவள் உட்கார்ந்திருந்த சீட்டை ஈரத்துணியால் துடைத்தார். யாரும் சொல்லவில்லை, கை தானாகத் துடைத்தது. மறுநாளிலிருந்து அவள் தண்ணீர் குடித்த தம்ளரை மற்றவர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அவளும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள், பிறகு நின்றுவிட்டாள். எங்கே காணோம் என்று யாரும் விசாரிக்கவில்லை. இப்போது தன் முறை வந்தபோது, மருத்துவர் சொன்ன எதைவிடவும் அவர் மனதில் முன்னால் வந்து நின்றது அந்த ஈரத்துணிதான்.

மாத்திரை போட்ட பிறகும் தூக்கத்தில் இரண்டு முறை வந்தது. ஒன்றை அவருக்கே மனைவி சொல்லவில்லை. மருத்துவரிடம், “இப்பத் தேவலைங்க” என்றார்கள். ஆனால் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவளே முதலாளியம்மாவிடம் போய், மூட்டைகளை எண்ணி வாங்க வண்டியில் ஒரு ஆள் இருந்தால் விரிப்பு காணாமல் போகாது, நான் கூடப் போகிறேன் என்றாள். முதலாளியம்மாவுக்கும் அது சரியாகப் பட்டது.

லாண்டரியில் கேட்கவா வேண்டும்!

“கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் தேனிலவு போறாங்க.”

“அழுக்கு மூட்டைக்கு நடுவுலயா?”

“மாப்பிள்ளைன்னா சும்மாவா? பொண்ணு பக்கத்துலயே உட்கார வேண்டாமா!”

மாப்பிள்ளை அவர்களோடு சேர்ந்து சிரித்தார். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்ற பெயர் வலிப்புக்காரன் என்ற பெயரைவிட எவ்வளவோ தேவலை. மெக்கானிக் மட்டும், “என்னடா, வீட்டுல ஏதாவது பிரச்சனையா?” என்று தனியாகக் கேட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்லடா” என்று தோளில் தட்டிவிட்டு நகர்ந்தார்.

மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒருநாள் சிக்னலில் நின்றபோது இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த கைப்பிடியைக் காட்டினாள்.

“இதை இழுத்தா வண்டி நிக்குமா?”

“மெதுவாப் போனா நிக்கும்.”

“வேகமாப் போனா?”

அவர் அன்றிலிருந்து மெதுவாகப் போனார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்தினார்கள். அவள் மடியில் துண்டுக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு அடியில் கையைக் கைப்பிடியின் மேலேயே வைத்திருப்பாள். முகம் சாலையைப் பார்க்காது, அவருடைய முகத்தையே பார்க்கும். விடுமுறைக்கு வந்த மகளும் சில நாள் அவர்கள் நடுவில், கைப்பிடிக்குப் பின்னால், இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். “அம்மா, அப்பாவை இப்படி சைட் அடிக்கிறே!” என்று கேலி செய்தாள். இருவரும் சிரித்தார்கள். மகளிடமும் சொல்லவில்லை.

இப்படியே பல மாதம் ஓடியது. ஓடியதாலேயே, ஓடிவிடும் என்ற நம்பிக்கை வந்தது.

அன்று காலை ஆஸ்பத்திரியில் கட்டுகளை இறக்கிவிட்டுக் கடைத்தெரு இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார்கள். “துணி கருகுற வாசனை வரலை உனக்கு?” என்றார் மாப்பிள்ளை. அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்பினாள். அவர் தலை மெல்ல மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே போனது, யாரோ கூப்பிட்டது போல. வாய் எதையோ மெல்லுவது மாதிரி அசைந்தது. ஸ்டியரிங்கில் இருந்த கை கட்டையாகிவிட்டது. கால் அழுந்திக்கொண்டிருந்தது. வண்டி வேகம் பிடித்தது.

“என்னங்க! என்னங்க!”

துண்டுக் கட்டு கீழே உருண்டது. இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்தாள். பிறகு எட்டிச் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமி, குலுங்கி, நடைபாதையில் ஏறியது. அங்கே சாவி செய்கிறவர் ஒருவர் மேஜை போட்டிருப்பார். மேஜை சாய்ந்து, நூற்றுக்கணக்கான சாவிகள் தெருவெங்கும் சிதறின. வண்டி ஒரு சுவரில் முட்டி நின்றது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவில், சாவிக்காரர் நாள் முழுக்க உட்காருகிற ஸ்டூல் நொறுங்கிக் கிடந்தது.

ஸ்டூலில் யாரும் இல்லை.

மாப்பிள்ளைக்கு உடம்பு இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அவரை ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்தாள். அவருடைய கால்சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தாள். ஜனங்கள் ஓடி வருவதையும் பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு வெளுத்த விரிப்பை உருவி அவர் இடுப்பிலிருந்து கால்வரை போர்த்தினாள். கதவருகே முதலில் வந்தவன், “என்னாச்சு? என்னாச்சு?” என்று கத்தினான்.

“பிரேக் பிடிக்கலைங்க!” என்றாள் அவள். “பிரேக் பிடிக்கலை! அதிர்ச்சியில மயங்கிட்டாரு!”

மாப்பிள்ளைக்கு நினைவு துண்டு துண்டாகத் திரும்பியது. முதலில் மடியில் வெள்ளைத் துணி, பிறகு முகங்கள். பிறகு கையில் டீ கிளாஸோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒரு மனிதர். அவர்தான் சாவிக்காரர்.

“அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார் அவர். “டீக்கடையில ஒருத்தன் பேச்சுக் குடுத்து நிறுத்திட்டான். இல்லைன்னா இந்நேரம் நான்…” என்று ஸ்டூலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு கிளாஸை நீட்டினார். “முதல்ல இதைக் குடிங்க.”

மாப்பிள்ளை வாங்கிக் குடித்தார். கடிபட்ட நாக்கில் சூடு எரிந்தது.

“பிரேக்காண்ணே?” என்றார் சாவிக்காரர்.

மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

முதலாளியம்மா நேரில் வந்து சாவிக்காரருக்குப் புது மேஜையும் ஸ்டூலும் வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளையை வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். வண்டியை லாண்டரி முற்றத்துக்கு இழுத்துவந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினார். மறுநாள் மாப்பிள்ளை அங்கே போனபோது மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். மடிப்புப் பெண்கள் ஜன்னலில் நின்றார்கள்.

“பிரேக்ல ஒண்ணும் இல்லைம்மா” என்றார் மெக்கானிக். “நானே மிதிச்சுப் பார்த்துட்டேன். சும்மா கப்புனு நிக்குது.”

“அப்ப என் டிரைவர் பொய் சொல்றானா?” முதலாளியம்மாவின் குரல் ஜன்னல் வரை போனது. “இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா அவன் கையில? போன வாரம்தானே நீ பிரேக்கைப் பிரிச்சு மாட்டினே?”

மெக்கானிக் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

“டேய் மாப்பிள்ளை, நீ சொல்லுடா. மிதிச்சப்ப எப்படி இருந்துச்சு? கெட்டியா இருந்துச்சா, இல்ல உள்ள போச்சா? அதைச் சொன்னா நான் கண்டுபிடிச்சிருவேன்.”

மாப்பிள்ளை இதுவரை தலையைத்தான் ஆட்டியிருந்தார். இப்போது சொல்லவேண்டியிருந்தது.

“உள்ள… உள்ள போச்சுடா.”

“கேட்டியா?” என்றார் முதலாளியம்மா. பிறகு எல்லோர் முன்னிலையிலும் மெக்கானிக்கை வெளுத்து வாங்கிவிட்டார். இனிமேல் லாண்டரி வண்டி எதுவும் அந்த ஷெட்டுக்குப் போகாது என்றார். அதோடு விடவில்லை. தெரிந்த லாட்ஜ்காரர்களிடமும், “அவன்கிட்ட வண்டியை விடாதீங்க, உயிரோட விளையாடுற வேலை” என்று சொல்லி வைத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அன்றைக்கு அந்த முற்றத்தில் நடந்தது. வண்டி வேறு ஒரு ஷெட்டுக்குப் போனது.

வீட்டில் மனைவி, “இனி வேணாங்க, வண்டி வேணாம்” என்றாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வண்டி இல்லாத அந்த நாட்களில் சட்டையைத் தேய்க்காமலே போட்டுக்கொண்டார். மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டார். ஷெட் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்காமல் லாண்டரிக்குள் நுழைந்துவிடுவார். மடியில் கனம்.

வண்டி நாளைக் காலை வந்துவிடும் என்று முதலாளியம்மா சொல்லியனுப்பிய அன்று, மதியத்தில் கால் தானாக ஷெட்டுக்குப் போனது. என்ன பேசப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. உள்ளே யாருடைய சின்னக் காரோ நின்றது. மெக்கானிக் சக்கரத்தை மாட்டி, ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்து, இறங்கினார். கொஞ்சம் நின்றார். மறுபடி அதே சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

“இப்பத்தானே மாட்டுனீங்க?” என்றார் காருக்குச் சொந்தக்காரர்.

“ஒரு நிமிஷம் சார். இன்னொரு தடவை பார்த்துடறேன்.”

ஊர் வம்பு பேசிக்கொண்டே நட்டு முடுக்குகிற ஆள் அவர். கண்ணை மூடிக்கொண்டு செய்வார். இப்போது ஒவ்வொரு நட்டுக்கும் உதடு அசைந்தது. முடுக்கியதைத் தொட்டுப் பார்த்தார். நகர்ந்து போய்த் திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்த்தார். கார் போன பிறகுதான் மாப்பிள்ளை நிற்பது அவர் கண்ணில் பட்டது. எழுந்து வந்து, கிரீஸ் கையை மேலே படாமல் விலக்கிப் பிடித்தபடி, மாப்பிள்ளையின் எதிரில் நின்றார்.

“நானே உன் வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்டா. எனக்கு மூஞ்சி இல்லை” என்றார். “எத்தனை தடவை யோசிச்சும் எங்க தப்பு விட்டேன்னு தெரியலை. என் கைக்கு என்னமோ ஆயிருச்சு. உன்னையும் தங்கச்சியையும் கொன்னிருப்பேன்டா. மன்னிச்சுக்க.”

மாப்பிள்ளைக்கு அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அதெல்லாம்… விடுடா” என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பாதி வழியில்தான் தெரிந்தது, தான் அவனை மன்னித்துவிட்டு வந்திருப்பது. அந்த மதியவெயிலில் ஒரு பூட்டிய கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னார்.

“கத்தினது நான்தானே” என்றாள் அவள். “நானே போய்ச் சொல்லிடறேன். நீங்க வர வேணாம்.”

“நீ கத்தினது என் மானத்தைக் காப்பாத்த. நான் வாயை மூடிக்கிட்டது யாரைக் காப்பாத்த? அவன் என் கையைப் பிடிக்காத குறையா மன்னிப்புக் கேட்டாம்மா. நான் ‘விடுடா’ங்கிறேன், பெரிய மனுஷன் மாதிரி.”

காலையில் இருவருமாக ஷெட்டுக்குப் போனார்கள். மெக்கானிக் டயரைக் காட்டி உட்காரச் சொன்னார். மாப்பிள்ளை உட்காரவில்லை.

“பிரேக் நல்லாத்தான் இருந்துச்சுடா. நான் மிதிக்கவே இல்லை. எனக்கு வலிப்பு வந்துருச்சு.”

மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. லாண்டரியில் கழித்த பழைய துண்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். எப்போதிலிருந்து, டாக்டர் என்ன சொன்னார், தெரிந்தும் ஏன் ஓட்டினாய் என்றெல்லாம். மாப்பிள்ளை மறைக்காமல் சொன்னார். மனைவி தலைகுனிந்து நின்றாள். கடைசியில் மெக்கானிக் துண்டைக் கீழே போட்டார்.

“நோய் வந்ததுக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அது எனக்கும் வரும். பயத்துல பொய் சொன்னே, அதையும் விடு. ஆனா நேத்து நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்ல? அப்பக்கூட உனக்கு வாய் வரலையா?”

மாப்பிள்ளை குனிந்து அந்தத் துண்டை எடுத்தார்.

“ராத்திரியில எழுந்து உட்கார்ந்துக்கிட்டு என் கையையே பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்றார் மெக்கானிக். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார். “வாங்க. முதலாளியம்மாகிட்டப் போகலாம்.”

‘வாடா’ என்றே கூப்பிட்டுப் பழகியவன் தன் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்த ‘வாங்க’ மாப்பிள்ளைக்கு உறைத்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

முதலாளியம்மா மடிப்புக் கூடத்தில் நின்று யாருக்கோ வேலை சொல்லிக்கொண்டிருந்தார். “என்னை எல்லார் முன்னாடியும்தான் திட்டினாங்க. நீங்களும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க” என்றார் மெக்கானிக். விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரத்தின் இரைச்சலில் மாப்பிள்ளை பேசியது முதலாளியம்மாவுக்குக் கேட்கவில்லை. “என்ன? என்ன?” என்றார். மாப்பிள்ளை குரலை உயர்த்திக் கத்தினார். யாரோ ஒருத்தி நல்லெண்ணத்தோடு அந்த நேரம் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினாள். “எனக்கு வலிப்பு வருதுங்க!” என்று அவர் போட்ட சத்தம், சுவர் சுவராக மோதிக் கூடம் முழுக்கக் கேட்டது.

விரிப்பின் முனைகளைப் பிடித்திருந்த பெண்கள் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள்.

மீதியை அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். “பிரேக்னு கத்தினது நான்தாம்மா” என்று மனைவி இடையில் சொன்னாள். முதலாளியம்மா கேட்டு முடித்து, கையை நீட்டினார். வண்டிச் சாவியின் இன்னொரு பிரதி மாப்பிள்ளையிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தார்.

“அந்த மனுஷன் டீ குடிக்கப் போகாம இருந்திருந்தா?” என்று கேட்டார் முதலாளியம்மா. “சொல்லு. போகாம இருந்திருந்தா?”

பிறகு மெக்கானிக்கிடம், “தப்பாப் பேசிட்டேன்” என்றார்.

“உங்ககிட்டச் சொன்னதை வெச்சுப் பேசினீங்க” என்றார் மெக்கானிக். மாப்பிள்ளை பக்கம் பார்க்காமல் வெளியே போனார்.

முதலாளியம்மா லாட்ஜ்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, தான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையைக் கொஞ்ச நாள் கண்ணில் படாதே என்றார். பிறகு அவரே ஆளனுப்பி, அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் வேலை கொடுத்தார். மூட்டையை அவிழ்த்து, எந்தக் கட்டு யாருடையது என்று அடையாளத் துணி கட்டி, கறை பட்டதைத் தனியாக எடுக்கவேண்டும். வெள்ளைச் சட்டைக்கு அங்கே வேலை இல்லை. தம்ளரை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. ஒருத்தி அவர் குடித்து வைத்த தம்ளரிலேயே, கழுவாமல், தண்ணீர் மொண்டு குடித்தாள். அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு அடக்க முடியாமல் போய், மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் கத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “தூக்கத்துல மறுபடி வந்ததைச் சொல்லியிருந்தா அப்பவே மருந்தை மாத்தியிருப்பேன்” என்றார். “எனக்குப் பொய் சொன்னீங்க, சரி. உங்க உடம்புக்குமில்ல சேர்த்துச் சொல்லியிருக்கீங்க.” மருந்தை மாற்றி எழுதினார்.

மகளுக்குச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். விடுமுறைக்கு வந்திருந்தவள் முழுதும் கேட்டாள். அப்பாவுக்கு என்ன மருந்து, எத்தனை வேளை என்று விசாரித்தாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவள், கதவருகில் நின்று திரும்பினாள்.

“போன லீவுல நான் உங்க நடுவுல உட்கார்ந்து வந்தேனே. அப்பவும் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்” என்றார் மாப்பிள்ளை.

“அம்மாவுக்கும்?”

அம்மாவும் தலையசைத்தாள். மகள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் நன்றாகத்தான் பேசினாள், சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி வீட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

புது மருந்துக்கு வலிப்பு கட்டுப்பட்டது. ஒரு வருஷம் போய், அடுத்த வருஷமும் பாதி போனது. ஒருநாள் மருத்துவர், வாடகைக்கோ சரக்குக்கோ ஓட்டுகிற வேலை வேண்டாம், ஆனால் சொந்தமாகச் சின்ன வண்டி ஓட்டுவதென்றால் இனி ஓட்டலாம் என்றார். மருந்து மட்டும் ஒருவேளைகூடத் தவறக் கூடாது, வரவே வராது என்று யாராலும் எழுதித் தர முடியாது என்றும் சொன்னார். செய்தி கேட்டு அவருடைய மச்சான் தன் பழைய காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு, “வெச்சுக்கங்க மாமா, சும்மாதான் நிக்குது” என்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

சாவி அங்கேயே கிடந்தது. மாப்பிள்ளை காரைத் தினமும் துடைத்தார். ஒருநாள் உள்ளே உட்கார்ந்து இருக்கையை நகர்த்தி, கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். கிளப்பவில்லை. இறங்கிவிட்டார்.

“டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டாரே” என்றாள் மனைவி. அவளுக்கும் ஆசைதான். இந்த மனிதர் தலை நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது.

“டாக்டர் என் உடம்பைப் பார்த்துச் சொல்றாரும்மா. என்னை எனக்குத்தான் தெரியும்” என்றார். “என்னைக்காவது வலிப்புக்கு முன்னாடி வந்த அந்தக் கருகுற வாசனை மறுபடி வரும்னு வை. வந்த அன்னைக்கு உன்கிட்டச் சொல்லிட்டுச் சாவியை வெச்சிருவேனா, இல்ல இன்னைக்கு ஒரு நாள்தானேன்னு எடுத்துட்டுப் போயிருவேனா? எத்தனையோ நாளா யோசிக்கிறேன். சொல்லிருவேன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியலை.”

அவள் மேஜையருகே போய் நின்றாள். பிறகு சாவியை எடுத்து, தம்பிக்குக் கொடுத்துவிட அலமாரியில் வைத்தாள்.

மாப்பிள்ளை இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். மெக்கானிக்கை வழியில் பார்த்தால் இருவரும் நின்று பேசுகிறார்கள். “நல்லா இருக்கீங்களா? உடம்பு பரவாயில்லையா?” என்று மெக்கானிக் கேட்கிறார். உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறார். ‘டா’ போட்டு ஒருமுறை கூப்பிடமாட்டானா என்று மாப்பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறார். இதுவரை கூப்பிடவில்லை.

சென்ற வாரம் பஸ் நிறுத்தத்தில், பழைய லாட்ஜ் மேனேஜர் ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். “என்ன மாப்பிள்ளை, நீங்க போயி பஸ்ஸுக்கு நிக்கிறீங்க? வண்டி என்னாச்சு?” என்று நாலு பேர் கேட்க விசாரித்தார்.

கால் வலி, கண் சரியில்லை, வயசாயிடுச்சு என்று எத்தனையோ பதில்கள் நாக்கு நுனிக்கு வந்தன.

“எனக்கு வலிப்பு உண்டுங்க. அதனால ஓட்டுறதில்லை” என்றார்.

சொல்லச் சொல்லக் கூச்சம் போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் குறைந்திருந்தது, முழுதும் போகவில்லை. காது இரண்டும் சுட்டன. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். மேனேஜர், “அப்படிங்களா…” என்று இழுத்தார், அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். மாப்பிள்ளையும் அதே திசையைப் பார்த்துக்கொண்டு, சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.